நரம்பு அறுத்த குதிரை

பணக்கார வீட்டுக் குதிரைக்கும் கால் நாறும். சொன்னால் யாரும் நம்புவதில்லை. பெங்களூரில் எலஹங்காவைத் தாண்டி ஒரு தனியார் குதிரை ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுக்கும் டாக்டராக இருக்கிறேன் என்றால், அல்சூரில் என் எதிர் வீட்டு பிரிஜெட் "அய்யோ, எவ்வளவு அழகான வேலை!" என்று கன்னத்தில் கை வைத்துக்கொள்கிறாள். அவளுக்குக் குதிரை என்றால் பிடரி மயிரும் பளபளக்கும் முதுகும். எனக்குக் குதிரை என்றால் முட்டிக்குக் கீழே இருப்பது மட்டும்தான். அங்கே மூத்திரம் தெறித்துக் காய்ந்த முடி, லத்திப் பொருக்கு, ஈ. அதைச் சிரைத்து, ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, ஜெல்லைத் தடவி, ஈரத் தரையில் மண்டியிட்டு, எப்போது உதை விழுமோ என்று ஒரு கண்ணை மேலே வைத்துக்கொண்டு மறு கண்ணால் திரையைப் பார்க்க வேண்டும். ஆறு வருஷமாக இதுதான் பிழைப்பு. அருவருப்பெல்லாம் எனக்கு எப்போதோ விட்டுப்போயிற்று என்றுதான் அந்த வியாழக்கிழமை வரைக்கும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

போதாததற்கு அந்த வருஷம் ஓர் ஆராய்ச்சியையும் தலையில் இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். நோயில்லாத இருபது குதிரைகளின் முன்னங்கால்களில், முட்டிக்குக் கீழே ஓடும் நரம்புகளை அல்ட்ராசவுண்டில் பார்த்து அளந்து வைப்பது. கெட்டுப்போன நரம்பைக் கண்டுபிடிக்க வேண்டுமென்றால் நல்ல நரம்பு எப்படி இருக்கும் என்று முதலில் தெரிய வேண்டாமா? அதைத் தேடுவது லேசில்லை. காலின் பக்கவாட்டில் சிரை, தமனி, நரம்பு மூன்றும் ஒன்றாக ஒட்டிக்கொண்டு ஓடும். காலில் வைக்கும் ஸ்கேன் முனையான ப்ரோபைக் கொஞ்சம் அழுத்தினால் சிரை நசுங்கி மறைந்துவிடும். தமனி துடித்துக்கொண்டே இருக்கும். நசுங்காமலும் துடிக்காமலும் பக்கத்தில் ஒன்று கம்மென்று இருக்கும் பாருங்கள், பச்சைப் பயறை விடச் சிறியதாக, தேன்கூட்டைக் குறுக்கே வெட்டியது போல் உள்ளே புள்ளி புள்ளியாக, அதுதான் நரம்பு. பதினாறு குதிரைகளில் அதைப் பார்த்துவிட்டேன். கண்ணை மூடினால்கூட அந்தப் புள்ளிகள்தான் வந்தன.

குதிரையைப் பிடித்துக்கொள்வது மங்களம்மா. லாயத்தில் வேலை செய்பவர், ஐம்பது வயதிருக்கும், நீலசந்திராவிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவார். அவர் கயிற்றைப் பிடித்தால் எந்தக் குதிரையும் அடங்கி நிற்கும். அவரிடம் எனக்கு ஒரே ஒரு எரிச்சல். அவருக்குக் காலில் இருப்பதெல்லாம் நரம்பு. ரத்தம் எடுக்கும் குழாயும் நரம்பு, பின்னால் விறைத்து நிற்கும் தசைநாணும் நரம்பு. எங்கள் ஆம்பூர் பக்கத்திலும் நரம்பு ஊசி என்றால் ரத்தக்குழாயில் போடுகிற ஊசிதான். ஆனாலும் நான் நரம்பில் ஆராய்ச்சி செய்கிறவள் இல்லையா? ஒவ்வொரு தடவையும் திருத்துவேன். "சரி மேடம்" என்பார். மறுநாள் மறுபடியும் நரம்பு.

பதினேழாவது குதிரை பிஸ்கட். பந்தயத்தில் ஓடி ஓய்ந்து, பிறகு தடை தாண்டப் பழகிய பழுப்புக் குதிரை. அதற்கு அந்தப் பெயரை வைத்தது ரக்ஷா, பதின்மூன்று வயதுப் பெண். ஆறு மாதத்துக்கு முன் அவளுடைய அம்மா அனன்யா மகளுக்காக அதை வாங்கினாள். ஆஸ்பத்திரியின் முதலாளி டாக்டர் சேஷகிரி வழியாகத்தான் கை மாறியது. விற்பதற்கு முன் குதிரையைப் பரிசோதித்து, குறையொன்றுமில்லை, தாண்டலாம் என்று சான்றிதழ் எழுதிக் கையெழுத்துப் போட்டவள் நான். அந்தச் சான்றிதழ் ஒரு வருஷத்துக்குச் செல்லும். வரும் ஞாயிற்றுக்கிழமை நடக்கவிருந்த போட்டியில் அதை வைத்துத்தான் ரக்ஷாவின் பெயரைச் சேர்த்திருந்தார்கள். மூன்றரை அடி உயரக் கட்டைகள், மொத்தம் பன்னிரண்டு.

வியாழக்கிழமை காலை பிஸ்கட்டின் இடது முன்னங்காலில், கணுவுக்கும் குளம்புக்கும் நடுவே ப்ரோபை வைத்தேன். சிரை நசுங்கியது. தமனி துடித்தது. பக்கத்தில் ஒன்றுமில்லை.

என் கைதான் கோணல் என்று நினைத்தேன். ஜெல்லைக் கூட்டினேன். மெஷினை அணைத்துப் போட்டேன். ஒன்றுமில்லை. வெளிப்பக்கம், உள்பக்கம், வலது கால், எங்கேயும் இல்லை. பிறகு முட்டிக்குக் கீழே போய் நல்ல இடத்தில் நரம்பைப் பிடித்து, அதை விடாமல் அங்குலம் அங்குலமாகக் கீழே இறங்கினேன். கணுவைத் தாண்டியதும் நரம்பு கொத்தமல்லி விதை மாதிரி உருண்டு புடைத்தது. அதோடு முடிந்துபோயிற்று. அதற்குக் கீழே தழும்புத் திசுவின் சாம்பல் நிறம். நான்கு இடத்திலும் அதே புடைப்பு, ஒரே உயரத்தில். தானாக எதுவும் அப்படி அளந்து வைத்த மாதிரி அறுந்து போகாது.

சட்டைப் பையிலிருந்த பேனாவை எடுத்துக் குதிகால் சதையில் அழுத்தினேன். சாதாரணக் குதிரை காலை வெடுக்கென்று இழுக்கும். பிஸ்கட் வைக்கோலை மென்றுகொண்டிருந்தது. இன்னும் அழுத்தினேன். பேனா முனை பதிந்து குழி விழுந்தது. அது காதைக்கூட அசைக்கவில்லை.

"அதுக்கு அங்க ஒண்ணும் தெரியாது மேடம்," என்றார் மங்களம்மா. "அதான் அன்னிக்கே சொன்னேனே. நரம்பு அறுத்த குதிரைன்னு."

"எப்போ சொன்னீங்க?"

"நீங்க எழுதுனீங்களே, அன்னிக்கு."

அன்றைக்கு நடந்தது எல்லாம் அப்படியே நினைவுக்கு வந்தது. தண்ணீர் லாரி ஒன்று பீப் பீப் என்று கத்திக்கொண்டு பின்னால் வந்துகொண்டிருந்தது. என் ஒரு காதில் போன். குளம்புக்கு மேலே சின்னச் சின்னத் தழும்புகளைப் பார்த்து, இது என்ன என்று கேட்டேன். மங்களம்மா குனிந்து, குரலைத் தாழ்த்தி ஏதோ சொன்னார். "நரம்பு அறுந்த குதிரை" என்று என் காதில் விழுந்தது. வேலிக் கம்பி கிழித்து ரத்தக்குழாய் அறுந்திருக்கிறது என்று எடுத்துக்கொண்டேன். எடுத்துக்கொண்டதோடு விட்டேனா? "நரம்பு இல்ல மங்களம்மா, ரத்தக்குழாய்" என்று திருத்தினேன். சிரித்தேன் என்றுகூட நினைக்கிறேன். அவர் என்னை ஒரு கணம் பார்த்துவிட்டு "சரி மேடம்" என்றார். நான் சான்றிதழில் 'பழைய கம்பிக் காயத் தழும்பு, பொருட்படுத்த வேண்டியதில்லை' என்று எழுதினேன்.

அறுந்த, அறுத்த. ஓர் எழுத்துதான். அறுந்தது என்றால் அதுவாக நடந்தது. அறுத்தது என்றால் ஒருவர் கத்தியோடு நின்றிருக்கிறார். எந்நேரமும் நரம்பு நரம்பு என்று உயிரை விட்டவளிடம் ஒரு பெண்மணி வந்து சரியான சொல்லை, சரியான பொருளில், அந்த ஒரே ஒரு தடவை சொல்லியிருக்கிறார். நான் அதைத் தப்பு என்று திருத்தியிருக்கிறேன். பேனாவால் குதிகாலை அழுத்திப் பார்ப்பது அரை நிமிட வேலை. குதிரை அழகாக ஓடியது, டாக்டர் சேஷகிரி காரில் காத்துக்கொண்டிருந்தார், அதனால் அதையும் செய்யவில்லை.

எங்கள் தொழிலில் இது தெரியாத சங்கதி இல்லை. குளம்புக்குள் தீராத வலி உள்ள குதிரைக்குக் குதிகாலுக்குப் போகும் நரம்பை வெட்டி எடுத்துவிடுவார்கள். நோய் அப்படியே இருக்கும், வலி மட்டும் தெரியாது. கிழக் குதிரை நிம்மதியாக மேயட்டும் என்று செய்தால் அது ஒரு நியாயம். அதைச் செய்து, மறைத்து, ஒரு குழந்தையை மேலே ஏற்றித் தாண்டவிட்டால் அதற்கு வேறு பெயர். தரையில் கால் பட்டதா, எப்படிப் பட்டது என்று குதிரைக்கே சரியாகத் தெரியாது. உள்ளே எலும்பு உளுத்துக்கொண்டிருக்கும், தசைநாண் நைந்துகொண்டிருக்கும், அது பாட்டுக்கு ஓடும். பிறகு ஒரு நாள் கட்டையைத் தாண்டி இறங்கும்போது கால் மடங்கும். நானூற்று ஐம்பது கிலோ அந்தப் பெண் மேல் விழும்.

"இன்னொண்ணு மேடம்," என்றார் மங்களம்மா. "ரெண்டு நாளா இந்தக் கால்ல நாத்தம் வருது. பெரிய டாக்டர்கிட்ட சொன்னேன். லத்தியில நிக்குது, கழுவி விடுன்னாரு. கழுவித்தான் விடுறேன். போவல. கலீஜா இருக்கும், கையுறை போட்டுக்குங்க."

அவர் காட்டிய வலது முன்னங்காலைத் தூக்கினேன். குளம்பின் அடியில், பின்பக்கப் பள்ளத்தில் ஒரு கரும்புள்ளி. கத்தியால் சுரண்டினால் இரும்பு தட்டியது. தலை முறிந்த ஆணி. குறடு போட்டு இழுத்தேன். கட்டை விரல் நீளத்துக்கு, துருப்பிடித்து, வழவழவென்று வந்தது. அதன் பின்னாலேயே சீழ் வந்தது. கறுப்பாக, தண்ணீராக, அழுத்தத்தோடு. என் முழங்கையில் தெறித்து உள்ளே சட்டைக்குள் இறங்கியது. அந்த நாற்றத்தை எப்படிச் சொல்வது? செத்த எலி, கெட்டுப்போன முட்டை, எரிந்த மயிர், எல்லாம் சேர்ந்து தொண்டையில் வந்து உட்கார்ந்துகொண்டது. நான் திரும்பிச் சாக்கடைப் பக்கம் ஓடிக் காலையில் தின்ற இட்லியைக் கக்கினேன். வாயைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தால் பிஸ்கட் என்னைப் பார்த்தபடி வைக்கோல் மென்றுகொண்டிருந்தது. அந்த மெல்லுதல்தான் எனக்குத் தாங்கவில்லை. அந்தக் காலோடு முந்தின நாள் மாலை ரக்ஷாவைச் சுமந்து ஒரு மணி நேரம் ஓடியிருக்கிறது.

புண்ணைக் கழுவி, மருந்து பஞ்சை அடைத்து, கட்டுப் போட்டோம். சாயங்காலம் மறுபடி பிரித்துக் கழுவ வேண்டும். ஆணியைக் கையிலேயே எடுத்துக்கொண்டு சேஷகிரியின் அறைக்குப் போனேன்.

அவர் வடையைச் சட்னியில் தோய்த்துக்கொண்டிருந்தார். அறுபத்தைந்து வயது, மூன்று தலைமுறையாக பெங்களூர். தாத்தா மைசூர் அரசாங்கத்தில் பெரிய வேலையில் இருந்தவர். குரலை உயர்த்தியே பேசாத மனிதர். ஆணியை மேஜையில் வைத்தேன். ஸ்கேனில் கண்டதைச் சொன்னேன். மறுப்பார், முகம் மாறும் என்றெல்லாம் எதிர்பார்த்த நான் ஒரு முட்டாள்.

"ஹூம், நான்தான் பண்ணேன்," என்றார். "போன வருஷம், நீ லீவுல இருந்தப்போ பண்ணது. நல்ல ஸர்ஜரி. பாவம்மா, அவ்வளவு வலி அதுக்கு. இப்போ பாரு, ஜம்முனு ஓடறது. குழந்தையும் சந்தோஷமா இருக்கா."

"ஞாயித்துக்கிழமை அது தாண்டப் போகுது சார். கால்ல ஆணி ஏறினதே அதுக்குத் தெரியலை."

"ஆணிதான் எடுத்தாச்சே. ரெண்டு நாள் நன்னா பேக் பண்ணி, லாடத்துக்கு அடியில ஒரு ரப்பர் போட்டுடு. ஒரு நாள் கூத்து. அதுக்குத்தான் வலிக்காதே."

வலிக்காதே. இதை அவர் ஆறுதலாகச் சொன்னார். அவர் மோவாயில் சட்னி ஒட்டிக்கொண்டிருந்தது.

"அனன்யாகிட்ட சொல்லணும் சார்."

"என்னன்னு சொல்லுவே? சர்ட்டிபிகேட்ல இருக்கறது யார் கையெழுத்து?" வடையைக் கீழே வைத்தார். "ஹோகலி பிடும்மா, விட்டுத் தள்ளு. உன் ஸ்டடியிலேர்ந்து அந்தப் பதினேழாம் நம்பரை எடுத்துடு. வேற குதிரை தரேன். நல்ல பேப்பர் அது, கெடுத்துக்காதே."

வெளியே வந்தேன். ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஒரு பத்து நிமிஷம் பதினேழாம் எண்ணை எடுத்துவிட்டால் என்ன என்று நானும் யோசித்தேன். வண்டி நிறுத்தும் இடத்தில் நின்று, அந்தக் குழந்தை விழாமலும் போகலாமே என்றுகூட யோசித்தேன். அதற்குப் பிறகுதான் போனை எடுத்து, உடனே நேரில் பேச வேண்டும் என்று அனன்யாவுக்குச் செய்தி அனுப்பினேன்.

நாலரை மணிக்குத் தாயும் மகளும் வந்தார்கள். அனன்யா ஒரு பெரிய நிறுவனத்தில் வக்கீல், ஆபீஸிலிருந்து நேராக வந்திருந்தாள். ரக்ஷா பயிற்சிக்குத் தயாராக, தலைக்கவசத்தைக் கையில் மாட்டிக்கொண்டு, பிஸ்கட்டின் மூக்கில் முகத்தை வைத்துத் தேய்த்தாள். மங்களம்மா கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் மெஷினைக் கொண்டுவந்து நிறுத்தி, வேறொரு குதிரையின் நரம்பை முதலில் காட்டினேன். பிறகு பிஸ்கட்டின் காலைக் காட்டினேன். பேனாவால் அழுத்தியும் காட்டினேன். நரம்பு வெட்டப்பட்ட குதிரை இது, இதன் மேல் ஏறித் தாண்டக் கூடாது என்றேன்.

அனன்யா திரையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

"ஆறு மாசம் முன்னாடி எல்லாம் சரியா இருக்குன்னு நீங்கதானே டாக்டர் எழுதினீங்க?"

"ஆமா."

"அப்போ இதை உங்ககிட்ட யாருமே சொல்லலையா?"

வக்கீல் கேள்வி. மங்களம்மா எனக்கு மூன்றடி தூரத்தில் நின்றிருந்தார். சொன்னார்கள், நான்தான் கேட்கவில்லை என்று சொன்னால், இவள் இனிமேல் நான் சொல்லும் எதையும் நம்ப மாட்டாள் என்று மனசு கணக்குப் போட்டது. குழந்தைக்காகத்தான் என்று அந்தக் கணக்குக்கு ஒரு நல்ல பெயரும் வைத்தது.

"இல்ல," என்றேன். "யாரும் சொல்லலை."

அனன்யா சட்டென்று மங்களம்மா பக்கம் திரும்பினாள். "நீங்க தினம் இதைக் குளிப்பாட்டறீங்க, தீனி போடறீங்க. உங்களுக்குத் தெரியாதா? ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? என் பொண்ணு உயிருங்க இது! ச்சீ, என்ன மனுஷங்க நீங்க!"

மங்களம்மா என்னைப் பார்க்கவே இல்லை. பார்த்திருந்தால்கூடத் தேவலை. கயிற்றை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார்.

"தெரியலீங்கம்மா," என்றார்.

காலையில் சட்டைக்குள் இறங்கிய சீழைச் சோப்புப் போட்டு மூன்று தடவை கழுவியிருந்தேன். அப்போதும் என் மேல் ஒரு வாடை அடித்தது. என்னைப் பார்க்க எனக்கே கூசியது. சேஷகிரியாவது தான் செய்ததை ஆமாம் செய்தேன் என்று சொன்னார். நான் ஒரு பெண்மணியை ஆறு மாதம் முன்பு ஒரு தடவை வாயடைத்து, இன்றைக்கு அவர் சொன்னதே இல்லை என்று சாதித்து, அவர் திட்டு வாங்குவதை வேடிக்கை வேறு பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சொன்னாங்க," என்றேன். "அனன்யா, இவங்க சொன்னாங்க. அன்னிக்கே, நான் எழுதும்போதே சொன்னாங்க. நரம்பு அறுத்த குதிரைன்னு தெளிவா சொன்னாங்க. நான் அறுந்ததுன்னு காதுல வாங்கிட்டு, அவங்களையே திருத்திட்டு, தப்பா எழுதினேன். இப்போ உங்ககிட்ட சொன்னதும் பொய்."

பிறகு நான் பயந்தபடியே நடந்தது.

"அப்போ அன்னிக்கும் தப்பு, அஞ்சு நிமிஷம் முன்னாடியும் பொய்," என்றாள் அனன்யா. "இப்போ சொல்றது மட்டும் சரின்னு நான் எப்படி எடுத்துக்கறது?"

போனை எடுத்து சேஷகிரியை ஸ்பீக்கரில் போட்டாள். அவர் குரல் வழக்கம்போல் இதமாக வந்தது. "அனன்யா, கவலையே படாதே. சின்ன ப்ரொசீஜர்தான், வலி தெரியாம இருக்கறதுக்கு. உலகம் பூரா பண்றா. வனஜா நல்ல பொண்ணு, கொஞ்சம் எமோஷனல். அவ சர்ட்டிபிகேட்டை வாபஸ் வாங்கினா வாங்கட்டும், நானே வேற எழுதித் தரேன். குழந்தையோட ஆறு மாச உழைப்பும்மா."

அனன்யா உதட்டைக் கடித்துக்கொண்டு மகளைப் பார்த்தாள். அவள் தடுமாறுவது தெரிந்தது. கெட்ட தாய் என்று சொல்ல மாட்டேன். குரலை உயர்த்தாத பெரியவர் ஒருவர், பொய் சொல்லி மாட்டிக்கொண்ட நான் ஒருத்தி. அவள் இடத்தில் நானிருந்தாலும் அவரைத்தான் நம்பியிருப்பேன்.

"ஒரே ஒரு நாள்தானே... ரக்ஷா, நீ என்ன சொல்றே?"

ரக்ஷா என் கையிலிருந்த பேனாவை வாங்கினாள். முதலில் தன் உள்ளங்கையில் குத்திப் பார்த்துக்கொண்டாள். பிறகு குனிந்து பிஸ்கட்டின் குதிகாலில் மெதுவாக அழுத்தினாள், இன்னும் அழுத்தினாள். "பிஸ்கட்," என்று கூப்பிட்டாள். அது அவள் குரலுக்குத் தலையைத் திருப்பியது, காலை இழுக்கவில்லை. அவள் எழுந்தபோது மூக்கெல்லாம் சிவந்திருந்தது. என்னிடம் கேட்பாள் என்று நினைத்துப் பதிலைத் தயாராக வைத்திருந்தேன். அவள் என்னைத் தாண்டிப் போய் மங்களம்மாவின் முன்னால் நின்றாள்.

"ஆன்ட்டி, நீங்க சொல்லுங்க. நான் இது மேல ஏறலாமா?"

மங்களம்மா அனன்யாவை ஒரு பார்வை பார்த்தார். ஸ்பீக்கரில் இன்னும் விழித்துக்கொண்டிருந்த போனையும் பார்த்தார். அந்தப் போனுக்கு அந்தப் பக்கம் இருந்தவர்தான் அவருக்குச் சம்பளம் கொடுப்பவர்.

"ஏறாத பாப்பா," என்றார். போனுக்கும் கேட்கும்படி சத்தமாகவே சொன்னார். "இது தன் கால் எங்க இருக்குதுன்னே தெரியாம ஓடுது. நீ செல்லமா வச்சுக்கோ, புல்லு குடு. ஏறாத."

ரக்ஷா தலைக்கவசத்தை அம்மாவிடம் நீட்டினாள். அனன்யா போனை அணைத்தாள். அவளும் மங்களம்மாவைப் பார்த்துத்தான் கையைக் குவித்தாள். என்னைக் கடந்து போகும்போது, சீழ் பட்டவளிடமிருந்து ஒதுங்குவது போல் சேலையை இழுத்துப் பிடித்துக்கொண்டாள். மகளைத் தோளோடு அணைத்து காருக்குக் கூட்டிப்போனாள்.

நானும் மங்களம்மாவும் பிஸ்கட்டும் மிச்சமிருந்தோம். திங்கட்கிழமை எனக்கு இங்கே வேலை இருக்காது. அதில் எனக்கு வருத்தமில்லை, வேறு ஊரில் வேறு குதிரைகளுக்கும் கால் இருக்கிறது. மங்களம்மாவுக்கும் இருக்காதே என்பதுதான் உறுத்தியது. நீலசந்திராவில் இவரை நம்பி எத்தனை பேர் இருக்கிறார்கள் என்றுகூட எனக்குத் தெரியாது. ஆறு வருஷத்தில் ஒரு நாள்கூடக் கேட்டதில்லை.

"மங்களம்மா, என்னை மன்னிச்சிடுங்க," என்றேன். "நான் உங்களை..."

அவர் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. வாளியில் உப்பு வெந்நீரைக் கலக்கிக்கொண்டு வந்து குதிரைக்குப் பக்கத்தில் வைத்தார். பழைய கட்டைச் சரசரவென்று பிரித்தார். அடைத்த பஞ்சு கறுத்துப்போய்ச் சொட்டியது, அந்த நாற்றம் மறுபடி எழுந்து லாயம் முழுக்கப் பரவியது. அவர் முகத்தைச் சுளிக்கவில்லை. கயிற்றைத் தூணில் கட்டிவிட்டு, ஈரத் தரையைக் காட்டினார்.

"பேசுனது போதும் மேடம். கீழ உக்காந்து காலைப் பிடிங்க."

கையுறைக்காகக்கூட நிற்கவில்லை. உட்கார்ந்து பிடித்தேன்.